குழியை அள்ளுவது யார்?



மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் நிலம் எவ்வளவு, வேலை என்ன என்று விசாரிப்பார்கள். 2005-இல் ஹரியானாவில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது. 'கழிப்பறை இல்லையேல் மணமகள் இல்லை' என்று சுவர்களிலும் வானொலியிலும் அரசே பிரச்சாரம் செய்தது. இருட்டில் வயல்காட்டுக்குப் போவதற்கு அஞ்சி, பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பெண்களுக்கு அது நியாயமான கோரிக்கை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அது எங்கே எடுபட்டது? 2001 கணக்கெடுப்பின்படி ஹரியானாவில் 1000 ஆண்களுக்கு 861 பெண்களே இருந்தார்கள். இந்தப் பிரச்சாரத்தை ஆராய்ந்த யானிவ் ஸ்டாப்னிட்ஸ்கி, பெண்கள் குறைவாக இருந்த பகுதிகளில்தான், மணவயதில் மகன் இருந்த வீடுகளில் கழிப்பறைகள் கூடின என்று கண்டார். பெண்ணை மதித்ததால் அல்ல, பெண் கிடைக்காததால்தான் அவள் சொல் எடுபட்டது. கருவிலேயே பெண்ணை அழித்த சமூகம் அதற்குக் கொடுத்த விலை அது.

இனி நம் கேள்விக்கு வருவோம். கட்டிய கழிப்பறையின் குழி நிறைந்தால் அள்ளுவது யார்?

இரட்டைக் குழி முறையில் ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டுகளில் எருவாகிவிடும். வீட்டுக்காரரே அள்ளி வயலில் போடலாம். ஆனால் தொடமாட்டார்கள், தீட்டு. டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட இந்தியக் கிராமங்களில் கண்டது இதைத்தான். மலிவான சிறு குழி வேண்டாம், எளிதில் நிறையாத பெரிய தொட்டிதான் வேண்டும் என்கிறார்கள். அதுவும் ஒருநாள் நிறையும். அப்போது யாரைக் கூப்பிடுவார்கள் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் தடைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு உட்பட எங்கும் மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை.

சாதியின் சாரம் அகமணம் என்று 1916-லேயே அண்ணல் அம்பேத்கர் எழுதினார். கழிப்பறை உண்டா என்று கேட்கும் திருமணப் பேச்சு, சாதியை உறுதிசெய்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே வருகிறது. யாரோடு மணஉறவு கூடாது என்கிறார்களோ, அவரைத்தான் குழிக்குள் இறங்கச் சொல்கிறார்கள். ஒரு வீட்டு மருமகளின் கண்ணியத்துக்கு இன்னொரு வீட்டு மகன் உயிரைக் கொடுக்கக் கூடாது.

கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களே, 'கழிப்பறை உண்டா' என்ற கேள்விக்குக் கீழே 'குழியை அள்ளுவது யார்' என்று ஒரு வரி சேருங்கள். பெண் கொடுக்கிறவர்களும் அதைக் கேட்கட்டும். பதில் 'நாங்களே' என்று வரும்வரை அந்தக் கேள்வியை நாம் விடக்கூடாது.