முதியோரின் தோலையும் பார்த்து வாருங்கள்
(பெருமாள்மலையில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



தோட்டத்தைக் கண்காணிப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் என்ன பாடு படுத்தியது என்பதைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். குருத்து கொத்தாகக் கூடும் வரை காத்திருப்பவரின் தோட்டத்தில் அதற்குள் பக்கத்து மரங்களுக்கும் நோய் தாவியிருக்கும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு தெரிந்ததுமே மரத்தை அகற்றுபவர் மற்றவற்றைக் காப்பாற்றிக் கொள்கிறார். மரத்துக்கு மரம் குனிந்து பார்க்கும் நாம், வீட்டிலுள்ள பெரியவர்களின் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

வத்தலக்குண்டுப் பக்கம் வெயில் காலத்தில் தாத்தா வெறும் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதுகில் ஒரு தேமல் வந்தால் தெருவே பார்த்துச் சொல்லிவிடும். இங்கே அப்படியில்லை. ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளி என்று எந்நேரமும் போர்வைதான். குளியலும் அவசரக் குளியல். முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம், உள்ளங்கால் ஆகியவற்றை அவராலும் பார்க்க முடியாது, பிறரும் பார்ப்பதில்லை.

எதைத் தேட வேண்டும்? அரிக்கிற படையைப் பற்றி நான் பேசவில்லை. அரிப்பே ஆளை மருத்துவரிடம் அனுப்பிவிடும். அரிக்காத, வலிக்காத, உணர்ச்சியே இல்லாத தேமல்தான் நம் நாட்டில் முதலில் தேட வேண்டியது. அது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக 2005-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா அறிவித்தது உண்மை. ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். உலகக் கணக்கில் இது பாதிக்கும் மேல். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும்; சிலருக்கு 20 ஆண்டுகள் கூட ஆகலாம். ஆகவே நடுவயதில் தொற்றியது முதுமையில் தலைகாட்டக்கூடும்.

சோதனை எளிது. சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ சிவந்தோ ஒரு திட்டு இருந்தால், பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியாலோ பேனா முனையாலோ மெதுவாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். முதலில் நல்ல தோலில் தொட்டுப் பழக்குங்கள். ஊசியால் குத்த வேண்டாம். காது மடல் தடித்திருத்தல், கைகால் மரத்துப் போதல், செருப்பு கழன்றதே தெரியாமல் நடத்தல் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

கணப்புச் சட்டியருகே உட்காரும் பெரியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் சூடு பட்டால் கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். நீரிழிவுக்காரருக்கும் இதே ஆபத்து உண்டு. காஷ்மீரத்தில் காங்ரி என்னும் தணல் சட்டியை அங்கிக்குள் வைத்துக் குளிர் காய்வார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து சூடுபட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதால் அதற்குக் காங்ரிப் புற்று என்றே பெயர். குளிர் காயாதீர்கள் என்று இந்த மலையில் யார் சொல்ல முடியும்? சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பழைய தீப்புண் தழும்பில் புதிதாக ஆறாத புண் வந்தால் களிம்பு தடவிக் காலம் கடத்தாதீர்கள்.

வெள்ளைத் தோலுடைய மக்கள் வாழும் நாடுகளில் வெயில் படும் இடங்களில் புற்றைத் தேடுகிறார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் கருமச்சப் புற்று வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. அங்கே ஒரு கரும்புள்ளி பெரிதாகிக் கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காப்பித் தோட்டத்துப் புதரில் வேலை செய்தவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தால் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றே அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். பீடி நெருப்புச் சுட்டது போன்ற, வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் அதைக் காட்டினால் உரிய மருந்து விரைவில் கிடைக்கும்.

மாதம் ஒருமுறை, எண்ணெய் தேய்ப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் பார்ப்பது வசதி. அப்பாவை மகனும், மாமியாரை மருமகளோ மகளோ பார்க்கட்டும். கூச்சம் இருக்கும், "முதுகு தேய்த்து விடுகிறேன்" என்று தொடங்கினால் பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள்.

தேமலை மறைப்பவர்களும் உண்டு. குடும்பத்துக்கு அவப்பெயர் என்ற அச்சம். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கச் சட்டமே முன்பு இடம் கொடுத்தது. 2019-இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடுவதால் பெரியவருக்குத் தனித் தட்டோ தனி அறையோ தேவையில்லை. மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவந்து போகும். தோலும் சற்றுக் கறுக்கலாம். அதைக் கண்டு பயந்து மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாமல் நீங்கள்தான் கூட இருந்து பார்த்துக் கொள்ள வேண்டும்.