சரக்கும் ஓர் அமானிதம்தான்

(நமது டிரஸ்ட் நடத்திய வேலை வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

போன வாரம் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகன் பி.காம். முடித்திருக்கிறான். ஒரகடத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட் மேனேஜரிடம் பயிற்சி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “கணக்கு எழுதுற வேலைதானே பாய்? அதுக்கு ஏன் பைக் இருக்கணும்னு கேக்குறாங்க?” என்றார். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. இந்தப் பொறுப்புக்கு வருமுன் அந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இங்கே ‘அக்கவுண்ட்’ என்றால் லெட்ஜர் அல்ல, வாடிக்கையாளர். நாலைந்து தொழிற்சாலைகளை உங்கள் பொறுப்பில் விடுவார்கள். அவர்களுடைய சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நம் வாடகை நேரத்துக்கு வந்து சேர வேண்டும். இரண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு லாரி ஆபீஸ் புதிதல்ல. சூரத்திலிருந்து ஜரிகையும் பெங்களூரிலிருந்து பட்டு நூலும் வந்தால்தான் இங்கே தறி ஓடும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஒரகடத்திலும் கார், லாரி ஆலைகள் வந்தன. இந்த ஆலைகள் உதிரிபாகங்களை மாதக்கணக்கில் குடோனில் அடுக்கி வைப்பதில்லை. தேவைக்கேற்ப வரவழைக்கிறார்கள். ஒரு லாரி தாமதமானால் அங்கே வேலையே நின்றுபோகலாம்.

வேலை எப்படி நடக்கும்? காலையில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். லோடு ஏறும்போது எல்.ஆர். சரியா, இன்வாய்ஸும் இ-வே பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மாநிலம் தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் அது இல்லாமல் வண்டி நகரக் கூடாது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வழியில் வண்டி பழுதானால் கெடு முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துவிட வேண்டும். மறந்தால் வண்டியைப் பிடித்து வைத்து அபராதம் போடுவார்கள். சரக்கு இறங்கியதும் சீலும் கையெழுத்தும் போட்ட பி.ஓ.டி. கைக்கு வர வேண்டும். அது இல்லாமல் பில் பாஸ் ஆகாது. டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் நாம் ரொக்கமாகக் கொடுத்திருப்போம். கம்பெனியிலிருந்து பணம் வர 60 நாள், 90 நாள் ஆகும். அதை முகம் கோணாமல் கேட்டு வாங்குவதும் இந்த வேலைதான். பைக் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. புனேவுக்குப் போன வண்டி சித்ரதுர்கா அருகே ஆக்ஸில் உடைந்து நின்றுவிட்டது. வாடிக்கையாளர் போன் செய்தார். ராத்திரிக்குள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில், “வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டேன். சரியாகவில்லை. மறுநாள் அங்கே வேலை நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. “நேத்தே சொல்லியிருந்தா வேற வண்டி அனுப்பியிருப்பேனே” என்றார், அவ்வளவுதான். அந்த மாதத்தோடு லோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி ஓடிக்கொண்டிருந்த டிரைவர்கள் இரண்டு மாதம் சரியான டிரிப் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பொய்யால் என் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

வண்டி பழுதாவது யார் கையிலும் இல்லை. உடனே சொல்வது நம் கையில் இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று, கணக்கை நேர்மையாக ஒப்படைத்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ‘அல்அமீன்’ என்று ஊரார் அழைத்தது சும்மா இல்லை. கடனை எழுதி வைப்பது பற்றிப் பேசும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. எல்.ஆரையும் பி.ஓ.டி.யையும் வெறும் காகிதமாக நினைக்காதீர்கள்.

லோடு வாங்க அதிகாரியின் கைக்குள் எதையாவது திணிக்கச் சொல்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. அந்தப் பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

மாணவர்களே, எக்செல் பழகுங்கள். ஆங்கிலத்தில் நாலு வரி மெயில் எழுதப் பழகுங்கள். ஹிந்தி பேச வந்தால் வடக்கே போகும் டிரைவர்களிடம் பேச உதவும். தாய்மார்களே, இந்த வேலையில் பெரும்பகுதி போனிலும் கம்ப்யூட்டரிலும் நடப்பது. படித்த உங்கள் மகள்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் சான்றிதழ்களோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

அந்தத் தாயாரிடம், “பையனை அனுப்புங்கம்மா. உண்மையை உடனே சொல்லப் பழக்கி அனுப்புங்க, மத்ததை அவங்க கத்துக் கொடுத்துடுவாங்க” என்றேன்.

நம் பிள்ளைகளின் ரிஸ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.