தறி அட்டையும் கம்ப்யூட்டரும்

(கும்பகோணத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் டிசைன் பயிற்சி என்றதும், "நோட்டீசு அடிக்கிற வேலையா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. அதுவும் உண்டு. ஆனால் இன்றைக்கு நாம் பேசப்போவது திருபுவனம் பட்டுச்சேலை பற்றி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. உறுப்பினர்கள் பலர் வீட்டில் தறி இருக்கு.

புட்டாவும் பார்டரும் முதலில் கிராப் தாளில்தான் பிறக்குது. நிறம் தீட்டிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் ஜக்கார்டு கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஒரு வரி ஊடைக்கு ஒரு அட்டை. 400 வரி டிசைன் என்றால் 400 அட்டை. ஒரு கட்டம் தப்பினாலும் அந்தத் தப்பு சேலை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கா தெரியாது!

பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த முறை இது. பின்னாடி இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கிட்டார். கம்ப்யூட்டரே தறியைப் பார்த்துப் படிச்சது. அப்புறம் நெசவு வீட்டுப் பெண் அதற்கு முன்னால் கூச்சப்படுவானேன்?

இப்போது அதே கட்டம் திரையில் வருது. பாதிப் பூவை வரைந்தால் மறுபாதியை அதுவே திருப்பிப் போடும். நிறம் மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஜக்கார்டு டிசைனுக்கென்றே 'டிஜிபுனாய்' என்ற திறந்த மென்பொருளை மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கியிருக்கு. ஊறுகாய் லேபிள், நோட்டீசு வேலைக்கு கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம். திருட்டு நகல் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம். திரையில் வட்டமாக இருக்கிற புட்டா துணியில் வட்டமாக வராது. ஒரு உதாரணம்: அங்குலத்துக்குப் பாவு 100, ஊடை 80 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 40 கட்டம், உயரம் 40 கட்டம் போட்டால் பூ அகலத்தில் 0.4 அங்குலம், உயரத்தில் 0.5 அங்குலம். முட்டை மாதிரி நிற்கும். அகலத்தை 50 கட்டமாக்கினால்தான் சரியாகும். அதேபோல ஜரிகை நீளமாகக் கட்டில்லாமல் போனால் வளையலில் மாட்டி இழுபடும். தறி தெரியாதவர் வரைந்தால் இதெல்லாம் பாவு பிணைத்த பிறகுதான் வெளியில் வரும். நஷ்டம் யாருக்கு? நெய்கிறவருக்கு.

அதனால்தான் சொல்றோம், இந்த வேலை நம்ம வீட்டுப் பெண்களுக்குப் பொருந்தும். அம்மா தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குப் பாவும் ஊடையும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மவுஸ் பிடிக்கத்தான் கற்றுக்கொடுக்கணும். டிசைனுக்கும் அட்டைக்கும் வெளியில் கொடுக்கிற காசில் ஒரு பங்கு வீட்டிலேயே நிற்கும்.

வெளியில் டிசைன் போடுகிறவர்கள் காகிதத்தோடு கம்ப்யூட்டர் கோப்பையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்க. கோப்பு அவர்களிடமே இருந்தால் சின்னத் திருத்தத்துக்கும் மறுபடி பணம் கொடுக்கணும், அதே புட்டா இன்னொருத்தர் சேலையிலும் வந்து நிற்கும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் பெயரை அடுத்த கூட்டத்துக்குள் ஊக்குநரிடம் கொடுங்க. வரும்போது ஒரு கிராப் நோட்டும், பரணில் கிடக்கும் பழைய அட்டை நாலும் எடுத்துவரச் சொல்லுங்க.