ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் தேய்ந்த எஞ்சின்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசு, ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். எனவே கார் எஞ்சின் பற்றிப் பேசுகிறேன். நம்ம தஞ்சாவூரில் 'போர்' என்றால் மூன்று. வயலில் வைக்கோல் போர், தோட்டத்தில் தண்ணீர் எடுக்கும் போர், பட்டறையில் சிலிண்டர் போர். நான் பேசப்போவது மூன்றாவது. ஆனால் முதலாவதும் நடுவில் வரும்.

என் மாமா, அதாவது அம்மாவுடைய தம்பி, ஒரு டீசல் அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனது. "வண்டிதான் நின்னுச்சு, சவாரி நிக்கல மாப்ளே" என்பார். கல்யாணம், காதுகுத்து, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

2015 டிசம்பரில் எஞ்சினைப் பிரித்து முழுசாக வேலை செய்தார்கள். 1489 சி.சி. எஞ்சின். போர் 73 மில்லிமீட்டர் சொச்சம். அதை 20 தவ் ஓவர்சைஸ் போர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் போட்டார்கள். செலவுக்கு அத்தை இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்.

ஏழே மாதம். ஒன்பதாயிரம் கிலோமீட்டர். வண்டி நீலப் புகை தள்ள ஆரம்பித்தது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஒழுங்காக வேலை செய்த எஞ்சின் லட்சம் கிலோமீட்டராவது தாங்க வேண்டும்.

மாமா என்னிடம் வந்தார். "மாப்ளே, நீ இஞ்சினியரு. நீ வந்து கேட்டாத்தான் அந்த ஆளு பதில் சொல்லுவாரு."

போனேன். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்துப் பேர் நிற்கும்போது நான் கொஞ்சம் உரக்கவே பேசினேன். "போர் அளவு தப்பா? டூப்ளிகேட் ரிங்கா? எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, கழட்டிப் பாத்துட்டுப் பேசுவோம். என் தப்புன்னா என் காசுல செஞ்சு தர்றேன்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் மரியாதை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

மறுநாள் ஹெட்டைக் கழற்றினோம். இனி சொல்வது உங்களில் யாருக்காவது நாளை உபயோகப்படும். கொஞ்சம் கவனியுங்கள்.

தேய்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், எந்த வழியாக எதிரி வந்தான் என்று தெரிந்துவிடும். ஹோனிங் செய்த பிறகு போரைச் சரியாகக் கழுவாமல் விட்டால், கல்லின் பொடி குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். அது ஆயிலோடு கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். அப்போது எல்லா ரிங்கும் தேயும், ஆயில் ரிங் சேர்த்து. பிஸ்டன் பாவாடையில் கீழ்வரை கீறல் விழும். பேரிங்கின் மெத்தென்ற உலோகத்தில் பொடி பதிந்திருக்கும். ஆனால் காற்றோடு தூசி உள்ளே வந்தால் கதை வேறு. முதல் அடி டாப் ரிங்குக்குத்தான். போர் மேல்பக்கம் தேயும், கீழ்ப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தேய்மானமே இல்லாமல் ஆயில் குடிக்கிற எஞ்சின் இருக்கிறது. புது எஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலிங்கில் போட்டுவிட்டால் ரிங் போரோடு பொருந்தாது, போர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போகும். அளவு எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும், புகை மட்டும் நிற்காது.

சரி, அளப்பது எப்படி? பட்டறையில் டயல் கேஜ் பழுது. மேஸ்திரி எனக்கு ஒரு வித்தை காட்டினார். டாப் ரிங்கைக் கழற்றி, போரின் அடிப்பக்கம் தேயாத இடத்தில் வைத்து, நேராகத் தள்ளி, ரிங் வாயின் இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளந்தார். போடும்போது 0.30 மி.மீ. இருந்தது இப்போது 0.80. அதே ரிங்கை மேலே, பிஸ்டன் திரும்புகிற இடத்தில் வைத்தார். 1.20. போரின் விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு கூடும் அல்லவா? மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.40. அதை 3.14-ஆல் வகுத்தால் சுமார் 0.13. அதாவது போர் மேலே அவ்வளவு தேய்ந்திருக்கிறது. அடியில் கூடியிருக்கிற 0.50 முழுக்க ரிங்கின் தேய்மானம். எட்டாவது படித்தவர் பை கணக்கை ஃபில்லர் கேஜில் போடுகிறார். பி.இ. படித்த நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆயில் ரிங் நன்றாக இருந்தது. சம்ப்பை இறக்கிப் பேரிங்கைப் பார்த்தோம், சுத்தம். "தம்பி, நான் டீசல்லதான் போரைக் கழுவுவேன். அதுனால இருக்குமோன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல. ஆனா இது மேலேருந்து வந்திருக்கு" என்றார். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஏனென்றால் அந்தப் பக்கம் கை வைத்தது நான். பழைய ஏர் கிளீனர் துருப்பிடித்திருக்கிறது என்று, நான்தான் காகித வடிகட்டி உள்ள புது ஏர் கிளீனர் வாங்கி மாட்டினேன். இஞ்சினியர் செய்த முன்னேற்றம்! அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் ஹோஸ். ஹோஸ் கொஞ்சம் பெரிய சைஸ். கிளிப்பை இறுக்கினேன். மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது. அடியில் ரப்பர் மடிந்து, நகம் நுழைகிற சந்து இருந்தது. வடிகட்டி நன்றாக வேலை செய்தது. காற்றில் ஒரு பங்கு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது வைக்கோல் போருக்கு வருகிறேன். வண்டி ஓடிய மாதங்களைப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை மிஷின் ஓடுகிற வயல் ஓரமெல்லாம் புழுதி. பங்குனி, சித்திரையில் உளுந்தும் பயறும் ரோட்டிலேயே காயும், வருகிற வண்டிகள்தான் தாம்பு மாடு. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. வயல் புழுதியில் இருக்கிற மணல் அதைவிடக் கடினம். அது வார்ப்பிரும்பைக் கீறும். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். எஞ்சினைத் தின்கிற தூசி 5 முதல் 20 மைக்ரான் வரை. ரிங்குக்கும் போருக்கும் நடுவே இருக்கிற ஆயில் படலத்தின் கனமும் சில மைக்ரான்தான். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற வைக்கோல் தூசி அல்ல, தெரியாத மாவுதான் எமன். வடிகட்டிகளைச் சோதிக்க உலகமெங்கும் அமெரிக்காவின் அரிசோனா மண்ணிலிருந்து செய்த தூசியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ. தரமே உண்டு. நம்ம ஒரத்தநாடு ரோட்டில் மாசி மாதம் ஒரு வாரம் ஓட்டினால் அந்தச் சோதனை இலவசமாக நடந்துவிடும்.

அன்றைக்கு மேஸ்திரி அந்த ஹோஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாமா வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, "புழுதி போயிருக்கு, சரி பண்ணிடலாம்" என்று மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்கிட்ட சொன்னது இருக்கட்டும். அந்த மனுசன பத்துப் பேர் முன்னாடி பேசினியே, அதுக்கு என்ன செய்யப்போற?" என்றார். சாயந்திரம் பட்டறைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே சொன்னேன். "அண்ணே, தப்பு என்னோடது. நான் மாட்டின ஹோஸ்." அவர் சிரித்து, "உக்காருங்க தம்பி, டீ சொல்றேன்" என்றார்.

எஞ்சினை 40 தவ் போர் பண்ணினோம். செலவு என்னுடையது. மேஸ்திரி கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். காசு போனது பெரிசில்லை. ஒரு பிளாக்கை இத்தனை தடவைதான் போர் பண்ண முடியும் என்று கணக்கு உண்டு. அதில் ஒரு தடவையை நான் வீணாக்கிவிட்டேன்.

இந்த முறை இரண்டு பேரும் பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். டீசல் எண்ணெய்ப்பசையைக் கரைக்கும், கல் பொடியை வெளியே கொண்டுவராது. அதனால் போரைச் சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்துத் தேய்த்தோம். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. உடனே ஆயில் பூசினோம், இல்லையென்றால் துரு ஏறும். சரியான சைஸ் ஹோஸ் போட்டோம். வடிகட்டிக்கு அப்புறம் உள்ள குழாயின் உட்புறத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி வைத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்தக் கிரீஸை விரலால் தேய்த்துப் பார்த்தால் போதும். நறநறவென்றால் எங்கேயோ ஓட்டை. முதல் ஆயிலையும் அப்போதே மாற்றினோம். இன்னொரு எச்சரிக்கை: காகித வடிகட்டியை கம்ப்ரசர் காற்றால் பலமாக ஊதாதீர்கள். அழுக்கு போகிறதோ இல்லையோ, காகிதம் கிழியும்.

அதற்கப்புறம் அந்த எஞ்சின் புகை தள்ளவில்லை. மாமா சவாரியை நிறுத்திய வருஷம் வரை ஓடியது.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று பெரிய ஆலைகளில் பொறுப்பில் இருக்கிறோம். பழுது என்று ஒன்று வந்தால் நமக்குக் கீழே வேலை செய்கிறவரின் கையைத்தான் முதலில் பார்க்கிறோம். கழற்றிப் பாருங்கள், அளந்து பாருங்கள். அப்படியும் யார் மேலாவது சொல்ல வேண்டியிருந்தால், நாம் மாட்டிய ஹோஸை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.