மொய் நோட்டும் நிவாரண நோட்டும்

(தலைப்பு: அரசு உதவி பெற்றவர் பட்டியலை ஊரறியச் சொல்வது அவமானமா? அவசியமா? 'அவசியமே' என்ற அணியில் பேசியது.)



எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "ஒரு ஏழை விவசாயி ரெண்டாயிரம் ரூபாய் வாங்கினதை ஊரெல்லாம் சொல்லணுமா? அவனுக்கு மானம் இல்லையா?" நல்ல கேள்வி. ஆனா நடுவர் அவர்களே, நம்ம ஊர்க் கல்யாணத்துல மொய் எழுதுறவரைப் பாருங்க. பேரு, ஊரு, தொகை, மூணையும் நோட்டுல ஏத்துவாரு. சில ஊர்ல மைக்குலயே வாசிப்பாங்க. "மேலத்தெரு மாமா ஐம்பத்தொண்ணு!" (சிரிப்பு) மாமாவோட சொந்தக் காசுக்கே நோட்டும் உண்டு, மைக்கும் உண்டு. ஊர்ப் பணத்துக்கு மட்டும் ரகசியமா? (கைதட்டல்)

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விளைந்த காய்கறி சந்தைக்குப் போக வழியில்லை. அப்போது மத்திய அரசு, பிரதமரின் கிசான் திட்டத்தில் கொடுக்க வேண்டிய 2,000 ரூபாய்த் தவணையை ஏப்ரல் மாதமே தருவதாக அறிவித்தது. சுமார் 8.7 கோடி விவசாயிகளுக்கு! நல்ல காரியம். கைகூப்பிப் பாராட்டுவோம்.

ஆனால் அதே 2020-இல் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில், நிலமே இல்லாதவர்கள் எல்லாம் ஒரே நாளில் விவசாயி ஆனார்கள். ஏர் பிடிக்கவில்லை; கம்ப்யூட்டர் எலியைப் பிடித்தார்கள்! (சிரிப்பு) இடைத்தரகர்கள் துறையின் கடவுச்சொல்லைக் கொண்டே பெயர்களைப் பதிந்தார்கள். தகுதியில்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது.

நாடு முழுக்க? 2020 ஜூலை வரை 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள்! இந்தக் கணக்கு எப்படி வெளியே வந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் மனுப் போட்டுக் கேட்டார், வந்தது. கேட்காவிட்டால்?

2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், 4-ஆவது பிரிவிலேயே, மானியம் பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும் என்கிறது. சகோதரி சொல்வாங்க, "இணையதளத்துல கிராமவாரியா பட்டியல் இருக்கே!" இருக்குதுங்க. மாடு மேய்க்கிற அப்பத்தா இணையதளத்தை எங்கே போய்ப் பார்ப்பாங்க? கிராம சபையில வாசிங்க! 1994-இல் ராஜஸ்தானில், கோட் கிரானா கிராமத்தில், கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்தார்கள். வேலையே செய்யாத பெயர்களுக்குக் கூலி போனது அங்கேதான் அம்பலமானது. நம் ஊரில், 2020 அக்டோபர் 2 கிராம சபையே தொற்றைக் காரணம் காட்டி ரத்தானது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க இடமில்லை.

மானம் என்றீர்களே, சகோதரி! ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ யாரும் கேட்கலீங்க. பேரு, ஊரு, தொகை. மொய் நோட்டு அளவு போதும். உழைக்கிற விவசாயிக்கு அந்தப் பட்டியலால் வெட்கமில்லை. பொய்ப்பெயரில் வாங்கினவனுக்குத்தான் வெட்கம்.

இன்னொன்று. பட்டியல் திருடனைக் காட்ட மட்டுமல்ல, விடுபட்டவனைக் காட்டவும்தான். இந்தத் திட்டம் சொந்தப் பெயரில் நிலம் உள்ளவருக்கே. குத்தகைக்கு உழுகிறவர் மழையிலும் நிற்கிறார், ஊரடங்கிலும் நின்றார். பட்டியலில் மட்டும் அவர் இல்லை. பட்டியலை ஊர் கேட்டால்தான், "எங்க பேரு எங்கே?" என்று அவர் எழுந்து கேட்க முடியும்.

ஆகவே நடுவர் அவர்களே, பட்டியலை ஊரறியச் சொல்வது அவமானமல்ல, அவசியமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)