எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?



சிங்கப்பூரில் இருபத்தோரு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு, ஒரேயடியாக ஊருக்கு வந்தவன் நான். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தெரிந்தவர் ஒருத்தர் கேட்டார்: "அடடே, எப்ப வந்தீங்க?" சொன்னேன். டீ கைக்கு வருவதற்குள் அடுத்த கேள்வி: "எப்பப் போறீங்க?"

சிரிக்கிறீர்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள், நானும் மற்றவர்களைக் கேட்டவன்தான். ஆனால் இரண்டு வருஷமாக இதையே கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை எடுத்துப் பரணில் போட்டேன், கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்று.

போவதற்கு நம் புதுக்கோட்டை ஜில்லாவில் பழைய முறை ஒன்று உண்டு. ராயவரத்திலும் கோனாபட்டிலும் கடியாபட்டியிலும் செட்டியார் வீட்டுப் பிள்ளை பர்மாவுக்குக் 'கொண்டுவிக்க', அதாவது வட்டிக்கடை பார்க்க, போவான். பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகப் போய், உதவிக்கு நிற்கும் அடுத்தாள் ஆகி, கடையை நடத்தும் மேலாள் ஆவான். மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் புதுக் கணக்குக்கு வேறு ஆள் போவான், இவன் ஊருக்கு வருவான். பர்மாத் தேக்கில் அவர்கள் நட்ட தூணெல்லாம் திரும்பி வருவதை நம்பி நட்ட தூண்கள். அவ்வளவு கணக்காகப் போனவர்கள், 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலத்தை வாங்க வேண்டியதாகி, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் நான்கில் ஒரு பங்கு நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட ஆரம்பித்தது. அங்கிருந்த நம் ஜனங்கள் காடும் மலையும் கடந்து நடந்து வந்தார்கள். மறுபடி போனவர்களை 1964இல் நெ வின்னின் ராணுவ ஆட்சி கடைகண்ணியைப் பிடுங்கிக்கொண்டு கப்பலேற்றியது. திரும்பி வந்தவனுக்குத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் 'பர்மா காலனி' என்று ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது. அதையும் பாருங்கள்: அவன் விட்டுவிட்டு வந்த ஊரின் பெயரையே அவன் நெற்றியில் ஒட்டினோம்.

இந்த ஊரின் ராஜாவுக்கே கதி இதுதான். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே வருஷம் மனைவியோடு புதுக்கோட்டைக்கு வந்தார். வெள்ளைக்கார அரசு அந்த அம்மாளை மகாராணி என்று ஒப்புக்கொள்ளவில்லை. சில மாதம்தான். கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்குப் பட்டத்தில் உரிமை இல்லை என்று ஆயிற்று. 1928இல் ராஜா பாரீசில் இறந்தார், லண்டனில் எரித்தார்கள். ஒரு சமஸ்தானத்துக்கே சொந்தக்காரருக்குச் சொந்த ஊரில் ஒரு சிதைக்கு இடம் இல்லாமல் போனது. நான் யார், இருபத்தோரு வருஷம் சாரம் கட்டியவன்!

என்னைப்போல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. சிங்கப்பூருக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறவன் பெண்டாட்டி பிள்ளையை அங்கே கூட்டிப்போய்க் குடிவைக்க முடியாது. வளைகுடாவில் முப்பது வருஷம் உழைத்தாலும் அது அவன் நாடு ஆகாது. ஆகவே நாங்கள் திரும்புவது பாசத்தால் எடுத்த முடிவு என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும், உண்மை அதில் பாதிதான். வயசானால், பெர்மிட் முடிந்தால், வந்துதான் ஆகவேண்டும். போகும் அன்றைக்கே எழுதிவைத்த விஷயம் இது. ஊருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்.

வந்தவன் என்ன கொண்டுவருகிறான் என்று பார்க்கிறோம். பெட்டியில் கோடாலித் தைலம், சோப்பு, சாக்லேட். இவை பத்து நாளில் தீர்ந்துவிடும். இருபது வருஷமாகக் கையில் ஏறிய வேலையை யாரும் கேட்பதில்லை. வந்த புதிதில் எங்கள் தெருவில் மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு பையன் இடுப்பில் பெல்ட் இல்லாமல் சவுக்குக் கம்பில் நின்று பூசிக்கொண்டிருந்தான். சாரத்தின் கால் வெறும் மண்ணில் நிற்கிறது. எனக்கு அடிவயிறு கலங்கியது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, காலுக்குப் பலகை கொடு, குறுக்குக் கட்டு போடு, பையனுக்குக் கயிறாவது கட்டு என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அது சரிண்ணே, நீங்க எப்பப் போறீங்க?" என்றார்.

ஆனால் திரும்ப எழுந்து நிற்பவனுக்குக் கைகொடுக்கத் தெரியாத ஜில்லா இல்லை இது. ஆடி மாதம் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். மொய் விருந்து! கறிச்சோறு ஒரு பக்கம், பணம் எண்ணும் மெஷின் ஒரு பக்கம். சாப்பிட்டவர்கள் எழுதும் மொய், விருந்து வைத்தவருக்கு வட்டி இல்லாத முதல். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒருவர் வாங்கலாம். பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று நோட்டில் இருக்கும். எத்தனையோ பேர் கடை வைத்ததும் போர் போட்டதும் அந்தப் பணத்தில்தான். அந்த நோட்டில் ரூபாயை எழுதுகிறோம். வேலையை எழுதுவதில்லை.

வந்தவன் தங்கினால் என்ன ஆகும் என்றும் நாம் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பர் 16, கஜா புயல். அந்தப் பக்கத்துப் பலாவும் தென்னையும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன். பேராவூரணிப் பக்கத்து நிமல் ராகவன் துபாயில் மென்பொருள் வேலை பார்த்தவர். புயலுக்குப் பிறகு அந்த வேலைக்குத் திரும்பாமல் ஊரோடு தங்கிவிட்டார். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 564 ஏக்கர் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். அவரையும் யாராவது "எப்பத் தம்பி துபாய்?" என்று கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். குளத்தில் தண்ணீர் நின்ற பிறகு கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகப் போகும். நம் பக்கத்தில் லேணாவிளக்கிலும் தேக்காட்டூரிலும் அழியாநிலையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊர் என்று சொல்லப்படும் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. 'எப்பப் போறீங்க' என்பது அவர்களிடம் நாம் வாய்விட்டுக் கேட்கவே கூடாத கேள்வி. எனக்கு வெறும் சலிப்பைத் தருகிற அதே கேள்வி அவர்களுக்கு என்னவாக இருக்கும்?

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். மேலே ஒரு நோட்டு. கூட்டத்தில் திரும்பி வந்தவர்கள் யார் இருந்தாலும் பேர், ஊர், என்ன வேலை தெரியும், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். வெல்டிங், கிரேன், கப்பல் பட்டறை, ஆஸ்பத்திரி, சமையல், எதுவானாலும் சரி. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் சாரம் கட்டச் சொல்லித்தருகிறேன் என்று முதல் பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். கடையில் நீள நோட்டு கேட்டேன், மொய் நோட்டுதான் இருக்கிறது என்றார்கள். அதையே வாங்கி வந்தேன்.