சக்கரம் சொல்லும் சேதி



மாட்டுவண்டிகள் மிகுந்திருந்த நாளில், பூம்புகார்ப் பக்கத்து உழவர் சக்கரத்தின் நோயைக் காதாலேயே அறிந்துகொள்வர். அச்சு கிறீச்சிட்டால் மை வற்றியது என்று பொருள். விளக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்துப் பூசுவர். கோடையில் மரம் உலர்ந்து இரும்புப் பட்டா தளர்ந்தால், சக்கரத்தை வாய்க்காலில் ஊறவிடுவர். அங்கே தண்ணீர் மருந்து.

மோட்டார்க் காருக்கோ அதே தண்ணீர் பகை. சக்கரத்தின் குடத்துள்ளே, பேரிங் எனப் பட்டறையில் வழங்கும் உறுப்பில், எஃகுக் குண்டுகளோ உருளைகளோ கிரீஸில் சுழல்கின்றன. ஓடிச் சூடேறிய குடம் சாலைவெள்ளத்தில் திடீரென்று அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். தேய்ந்த ரப்பர் அடைப்பின் வழியே நீர் புகும். கடலோரத்தில் உப்பும் நுண்மணலும் உடன் சேரும். கிரீஸ் கெட்டுத் துருவேறும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடுத்து வந்த தை மாதத்தில், காய்ந்த சாலையில், 'ஊம்' என்று முழங்கிக்கொண்டு போன கார்களை நான் கேட்டேன். வெள்ளத்தை அப்போது யார் நினைத்தார்கள்!

அம்முழக்கம் வேகத்தோடு ஏறி, கியரை நியூட்ரலில் வைத்தபோதும் நீடித்தால், எஞ்சின்மீது பழியில்லை. தார்ச்சாலை விட்டுச் சிமெண்டுச் சாலை ஏறியதும் ஒலி மாறினால் டயரை ஐயுறலாம்; மாறாவிடில் பேரிங்கை. இடப்புறம் திரும்புகையில் பாரம் வலச் சக்கரங்கள்மேல் சாயும். அப்போது ஒலி மிகுந்தால் பெரும்பாலும் வலப்புறமே குற்றம். எங்கள் ஊர் ஓட்டுநர் ஒருவர், வானொலியை உரக்க வைத்து ஒரு மாதம் இம்முழக்கத்தை மறைத்து வந்தார். வானொலியிலேயே இதை நான் சொல்ல நேர்ந்ததே!

இனிச் சோதனை. சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளிருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிடில் பந்துமூட்டைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் கோல்களில் தேய்வு இருக்கலாம். கையால் சுழற்றுகையில் கரகரப்புத் தட்டுவதும் பேரிங்கின் அடையாளமே. ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சுட்டால், விடாமல் பற்றிய பிரேக்கும் காரணமாகலாம். பட்டறைக்காரரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

முழக்கமின்றி 'டக், டக்' என்ற அடியும் நடுக்கமும் தோன்றினால் பட்டறைவரை பொறுத்திராதீர்கள். உடனே ஓரங்கட்டி நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அவை தளர்ந்தால் சக்கரமே கழன்றுவிடக்கூடும்.